உப்பளச் சேறு

சென்ற கார்த்திகையில் அம்மா மலைக்கு வந்திருந்தாள். கொல்லிமலையில், அரியூர் நாட்டில், நான் குடியிருக்கும் வீடு ஓடு போட்டது. முன்புறம் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். பின்புறம் ஒரு சிற்றோடை. வங்கி எழுத்தர் உத்தியோகம் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்து மூன்று வருஷமாகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்ததில் அம்மாவுக்குத் தலைசுற்றல் நிற்க ஒரு நாள் ஆயிற்று. அது நின்றதும் முழங்கால் வலி ஆரம்பித்தது. இந்தக் குளிர் அவளுக்குப் பழக்கமில்லை. வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் இருபத்தாறு வருஷம் உப்புச் சுமந்தவள் அவள்.

பக்கத்து வீட்டில் ஒரு மலையாளிக் குடும்பம். (இம்மலையின் பழங்குடியினருக்குப் பெயர் மலையாளி; கேரளத்து மலையாளிகள் வேறு.) அந்த வீட்டுப் பெண் அம்மா நொண்டுவதைப் பார்த்துவிட்டு, இருப்புச் சட்டியில் கல்லுப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் மூட்டையாக முடிந்து, சூடு ஆறுவதற்குள் ஓடி வந்தாள். அம்மா மூட்டையைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"உப்பா? எனக்கா?"

வந்தவளுக்குப் புரியவில்லை. உப்பு ஒத்தடம் கொடுத்தால் வலி வாங்கிவிடும் என்று மறுபடியும் சொன்னாள். "இந்தக் காலு பார்க்காத உப்பாம்மா" என்றாள் அம்மா. ஆனாலும் கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்புகிறவளில்லை அவள். மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கைகளை அதன் மேல் வைத்துச் சூடு காய்ந்தாள். கடைசிவரை அதை முழங்காலில் வைக்கவில்லை.

உப்பு மருந்து என்பது ஒருத்திக்கு ஐயத்துக்கிடமில்லாத அறிவு. இன்னொருத்திக்கு அது சிரிப்பு. இரண்டுமே அனுபவத்திலிருந்து வந்தவை. இந்த முரணைச் சுலபமாகத் தீர்த்துவிட முடியும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. மலைக்காரிக்கு உப்பு தூரத்துப் பொருள், கடற்கரைக்காரிக்கு அது காலடிப் பொருள். தூரத்துப் பொருள்தானே மருந்தாகும்? ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று பிறகு படித்தபோது தெரிந்தது. உப்பளத்துச் சேற்றையும் உப்புக் காய்ந்த நீரையுமே மருந்தாக்கி, அந்த உப்பளத்தின் கரையிலேயே அரண்மனை மாதிரி விடுதி கட்டி வைத்தியம் செய்த ஊர்கள் உலகில் உண்டு. அங்கே தூரம் என்பது சில பர்லாங்குதான். அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

*

முதலில் நம்முடையது. கொல்லி என்றதும் நம் வாசகர்களுக்கு ஓரியும் பாவையும் நினைவுக்கு வரும். உப்பு நினைவுக்கு வராது. ஆனால் மலைக்கு உப்பு வந்துதான் தீரவேண்டும். தேனும் தினையும் இங்கே விளையும், உப்பு விளையாது. நெய்தலிலிருந்து உள்நாட்டுக்கு உப்பேற்றிச் சென்று நெல்லுக்கு மாற்றிய உமணரைச் சங்கப் பாடல்களில் அடிக்கடி சந்திக்கிறோம். மேட்டில் மாடு திணறுவதும், வண்டியின் அச்சு முறிவதும், உமணர் குடும்பமே உடன் நடப்பதும் நமக்குத் தெரிந்த காட்சிகள். திணைப் பகுப்பு நிலத்தைத் துண்டு துண்டாக்கி வைத்தது. உப்பு வண்டி அவற்றைத் தைத்துக்கொண்டு போயிற்று.

சித்த வைத்தியத்தில் பஞ்சலவணம் என்று ஐந்து உப்புகளைச் சேர்த்துச் சொல்கிற வழக்கம் உண்டு. சில நோய்களுக்கு உப்பைச் சேர்ப்பது மருந்து. சிலவற்றுக்கு உப்பை விலக்குவது பத்தியம். தொண்டை கட்டினால் உப்புநீர்க் கொப்பளிப்பு, சுளுக்குக்கு ஒத்தடம், கண்ணேறுக்கு உப்புச் சுற்றிப் போடுதல் என்று, உடம்பிலிருந்து நம்பிக்கை வரைக்கும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். வைத்தீஸ்வரன் கோயிலில் நோய் தீர வேண்டி உப்பும் மிளகும் காணிக்கை போடுவதை எல்லாரும் பார்த்திருப்போம். மிளகு மலையிலிருந்து இறங்கியது, உப்பு கடற்கரையிலிருந்து ஏறியது. இரண்டும் நடுவழியில் ஒரு நோயாளியின் கையில் சந்திக்கின்றன. உப்பு கரைவது போல நோய் கரையட்டும் என்பது வேண்டுதல். உப்பைப் பற்றிய நம் கற்பனையின் சாரம் இது: கரைகிற பொருள் அது. விளைகிற பொருளாக, ஒருவர் விளைவிக்கிற பொருளாக, அது நம் கற்பனையில் அவ்வளவாக இடம்பெறவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிற பழமொழியில்கூட உப்பிட்டவர் என்பது சோறு போட்டவர். உப்பு வாரியவர் அல்ல.

ஆடி, தை அமாவாசைகளில் கோடியக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் கடலாடுகிறோம். அதில் புண்ணியத்தோடு ஆரோக்கியமும் சேர்ந்து வருவதாக நம்புகிறோம். ஆனால் உப்பளத்தின் சேற்றையும் காய்ந்த நீரையும் எடுத்து முறையான ஒரு வைத்தியமாக வளர்த்த மரபு நம் கரையில் எழவில்லை. அது எழுந்தது ஐரோப்பாவில்.

*

ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதால் எனக்கு இதன் வாசல் ஜேன் ஆஸ்டினாக இருந்தது. 1817-ல், தன் மரணத்துக்குச் சில மாதங்களுக்கு முன், அவர் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட நாவல் 'ஸாண்டிடன்'. ஒரு கடற்கரைக் கிராமத்தை ஆரோக்கிய ஸ்தலமாக மாற்றிக் காசு பண்ணப் பார்க்கிறவர்களின் கதை. சாகக் கிடந்த ஒருத்தி, ஆரோக்கியம் விற்பனைக்கு வந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாள். அவர் சிரித்த பழக்கம் அதற்கு இரண்டு தலைமுறை முந்தியது. 1750-ல் ரிச்சர்ட் ரஸல் என்ற டாக்டர், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரே மருந்து என்று லத்தீனில் ஒரு நூல் எழுதினார். குளிக்க மட்டுமல்ல, குடிக்கவும் சொன்னார். பிரைட்டன் என்ற மீன்பிடி ஊர் கனவான்களின் ஊராக மாறியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

கடலில் முழுகுவது ஒன்று. உப்பு காய்ச்சுகிற நீரில் முழுகுவது வேறு. இரண்டாவதற்கு ஆஸ்திரியாவின் மலைநாட்டில் இருக்கும் இஷ்ல் என்ற ஊர் முன்னோடிகளில் ஒன்று. அது கடற்கரையல்ல, மலைக்குள்ளிருக்கும் பாறை உப்பை நீரில் கரைத்து எடுத்துக் காய்ச்சும் ஊர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உப்பாலை வைத்தியராக இருந்த யோசஃப் கெட்ஸ், வாதமும் தோல் நோயும் கண்ட உப்புத் தொழிலாளிகளையே அந்த உப்புநீரில் குளிக்க வைத்துப் பார்த்தார். குணம் தெரிந்தது. 1821-ல் வியன்னாவின் பிரபல டாக்டர் ஃபிரான்ஸ் விரர் அங்கே வந்து இதைப் பார்த்தார். பிறகு தன் பணக்கார நோயாளிகளை அனுப்பத் தொடங்கினார். குழந்தையில்லாமல் இருந்த அரச குடும்பத்து ஸோஃபி அங்கே சிகிச்சை எடுத்துக்கொண்டார். 1830-ல் ஃபிரான்ஸ் யோசஃப் பிறந்தான். அவனையும் தம்பிகளையும் உப்பு இளவரசர்கள் என்று ஜனங்கள் அழைத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த வைத்தியத்தின் முதல் நோயாளி இளவரசியல்ல, உப்புத் தொழிலாளி. அவன் உடம்பில் பரீட்சித்து அறிந்த குணம்தான் அரண்மனைக்குப் போயிற்று. ஆனால் ஊரின் புகழில் தங்கியது இளவரசர்களின் பெயர். முதலில் குளித்தவர்களின் பெயர் தெரிய வழியில்லை.

இனி கடற்கரை. ஏட்ரியாட்டிக் கடலின் வடமூலையில், இன்றைய ஸ்லொவேனியாவில், பிரான் என்ற சின்ன ஊர். 1283-லிருந்து 1797 வரை வெனிஸ் குடியரசின் கீழ் இருந்தது. அதன் செல்வம் உப்பு. அருகிலுள்ள செச்சோவ்ல்யே உப்பளம் இன்றும் கையால் உப்பு வாரப்படும் இடம். ஜார்ஜ் முனிவர் திருநாளான ஏப்ரல் 24-ல் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு உப்பளத்துக் கல்வீடுகளுக்குக் குடிபோகும். ஆகஸ்ட் 24-ல் பார்த்தலோமியூ திருநாளை ஒட்டித் திரும்பும். ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் வேலை.

அந்த உப்பளத்தின் சிறப்பு அதன் தரை. 14-ஆம் நூற்றாண்டில் பாக் தீவின் உப்புத் தொழிலாளிகளிடமிருந்து கற்றுக்கொண்ட முறை இது. பாத்தியின் களிமண் மேல், நுண்ணுயிர்களும் ஜிப்சமும் கலந்து ஒரு மெல்லிய தோல் வளரும்படி வருஷா வருஷம் பேணுகிறார்கள். 'பெடோலா' என்று அதற்குப் பெயர். இந்தத் தோல் இருப்பதால் உப்பு சேற்றோடு கலக்காமல் வெள்ளையாக வருகிறது. அது கிழிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தொழிலாளிகள் தட்டையான மரச்செருப்பு அணிந்து பாத்தியில் இறங்கினார்கள். செருப்பைத் தரைக்காக அணிந்தவர்கள் அவர்கள்.

தோலுக்கு அடியில் கருஞ்சேறு. காற்றுப் படாத உப்புநீரின் கீழ் வருஷக்கணக்கில் ஊறி, கந்தகமும் இரும்பும் கூடிக் கறுத்து, வெண்ணெய் போலக் குழைந்திருக்கும். உப்பு படிந்து முடிந்தபின் மிஞ்சும் கனத்த நீர் மற்றொரு மருந்துப் பொருள். இத்தாலியில் அதற்குத் தாய்நீர் என்று பெயர். அதே நீரை ஆங்கிலேயன் கசப்பு என்று பொருள்படும் சொல்லால் குறித்தான். ஒருவனுக்குப் பெற்றெடுத்தபின் மிஞ்சியது. மற்றவனுக்கு நாக்கில் பட்டது.

13-ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பக்கத்து மடத்துத் துறவிகள் உப்புநீரால் வாதத்துக்கு வைத்தியம் செய்தார்கள் என்று அங்கே சொல்லிக்கொள்கிறார்கள். அது உள்ளூர் மரபு. உறுதியான கதை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்குகிறது. பிரான் ஊரின் டாக்டர் ஜொவான்னி லுன்யானோ, காவற்படை அதிகாரிகளுக்கு உப்பளச் சேற்றையும் கனத்த உப்புநீரையும் வைத்துச் சிகிச்சை கொடுக்கத் தொடங்கினார். பக்கத்து விரிகுடாவில் போர்ட்டோரோஷ் என்ற ஆரோக்கிய நகரம் எழுந்தது. ரோஜாத் துறைமுகம் என்று அந்தப் பெயருக்குப் பொருள். 1902-ல் டிரியெஸ்டிலிருந்து ரயில் வந்தது. 1910-ல் 'பேலஸ்' ஓட்டல் திறந்தது. ஆஸ்திரியப் பேரரசின் கனவான்கள் வந்திறங்கி, சூடாக்கிய சேற்றைப் பூசிக்கொண்டு படுத்தார்கள். கொஞ்ச தூரத்தில் அதே சேற்றுக்கு மேலே குடும்பங்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தன. உப்பு அந்தப் பேரரசின் ஏகபோகம்.

ஆட்சிகள் மாறின. ரயில் 1935-ல் நின்றது. உப்பளத்தின் பெரும்பகுதி 1960-களில் கைவிடப்பட்டு, கல்வீடுகள் இடிந்து பறவைகளின் வசமாயின. எஞ்சிய பகுதி இப்போது இயற்கைப் பூங்கா, அருங்காட்சியகம். 2013-ல் உப்பளத்துக்கு உள்ளேயே திறந்தவெளி ஸ்நான விடுதி ஒன்று வந்தது. பாத்திகளுக்கு நடுவில் பலகைத் தளம், சேற்றுப் பூச்சு, தாய்நீர்த் தொட்டி. இந்த விடுதியின் பெயரைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தை.

*

இந்த வைத்தியம் வெறும் ஏமாற்றா? அல்ல என்றுதான் சொல்ல வேண்டும். கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. நம் உப்பளங்களில் நீரின் கனத்தை 'டிகிரி'யில் அளக்கிறார்கள். கடல்நீர் மூன்று டிகிரி சுமார். பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் காயவைக்க, இருபத்தைந்து டிகிரி சுமாருக்கு உப்பு படியத் தொடங்கும். முப்பதை நெருங்கும்போது மக்னீஷியம் உப்புகள் மிகுந்த கசப்பு நீர்தான் மிச்சம். இந்தக் கனத்த நீரில் உடம்பு தானாக மிதக்கும். மூட்டுகளின் மேலிருந்து பாரம் இறங்கும். சேறு சூட்டைப் பிடித்து வைத்து மெதுவாக விடும்; நாற்பது டிகிரி வெப்பத்தில் பூசினால் தசை தளரும், ரத்த ஓட்டம் கூடும், வலி மட்டுப்படும். உப்பும் வெயிலும் சேர்ந்து சில தோல் நோய்களின் செதிள்களை உதிர்க்கும். இதில் மாயமில்லை.

ஆனால் முறையைக் கவனிக்க வேண்டும். நோயாளி தொட்டியில் இருப்பது சுமார் இருபது நிமிஷம். பிறகு எழுந்து நன்னீரில் உப்பையும் சேற்றையும் முழுக்கக் கழுவிக்கொண்டு, போர்த்திப் படுத்து இளைப்பாறுவார்.

இப்போது அதே நீரில் காலை ஐந்து மணிக்கு இறங்கிப் பகல்வரை நிற்கிற ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். தோலிலிருந்து ஈரத்தை இழுக்கிற குணம் அதே குணம்தான். இருபது நிமிஷத்தில் செதிளை உதிர்த்தது, ஏழெட்டு மணி நேரத்தில் பாதத்தை வெடிக்க வைக்கிறது. உப்புக் கல் கீறிய இடத்தில் உப்புநீர் நிற்க, புண் ஆறுவதில்லை. வெள்ளை உப்பின் மேல் அடிக்கும் வெயில் கண்ணைத் தின்கிறது. அளத்தில் மறைவிடம் கிடையாது என்பதால் பெண்கள் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு, அதனால் வேறு உபாதைகளை வாங்கிக்கொள்கிறார்கள். குஜராத்தின் ரண் பாலைவனத்தில் உப்பு விளைவிக்கும் அகரியாக்களைப் பற்றி, சிதையில் உடம்பு எரிந்தாலும் உப்பூறிய பாதம் எரியாது என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது உண்மையா என்பதல்ல விஷயம். அப்படியொரு பேச்சு பிறக்க எவ்வளவு பாதங்களைப் பார்த்திருக்க வேண்டும் என்பதே விஷயம்.

ஆக, மருந்துக்கும் நோய்க்கும் நடுவில் நிற்பது இரண்டே: நேரமும் நன்னீரும். நான் வங்கியில் தினமும் பார்க்கிற வட்டிக் கணக்கில் அசலும் விகிதமும் ஒன்றாகவே இருக்க, நாட்களின் எண்ணிக்கை ஒருவனை வாழவைக்கிறது, ஒருவனை முழுக்குகிறது. சேறும் அப்படித்தான். அதிலிருந்து எழுந்து வெளியேற முடிந்தவனுக்கு அது வைத்தியம். கழுவ ஒரு குடம் நல்ல தண்ணீர் இல்லாதவளுக்கு அது தொழில்.

*

இந்த நாட்டில் உப்புக்கும் சேற்றுக்கும் இன்னொரு சரித்திரம் இருக்கிறது. 1805-ல் கம்பெனி அரசு சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பிறகு உப்பை யார் விளைவிக்கலாம் என்பதோடு, உப்பு தானாக விளையலாமா என்பதும் சர்க்கார் விவகாரமாயிற்று. சதுப்பில் தன்னால் பூத்த உப்பை மக்கள் அள்ளாதபடி சேவகர்கள் அழித்தார்கள். உள்நாட்டிலும் இதே கதை. சேலம், திருச்சி வட்டாரங்களில் உவர்மண்ணைக் கரைத்து வடித்து உப்பெடுத்த உப்பிலியர் என்ற வகுப்பார் இருந்தார்கள். கடலுப்பின் வரி வருமானத்தைக் காப்பதற்காக 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணுப்பு எடுப்பது ஒடுக்கப்பட்டது. அவர்கள் குளம் வெட்டவும் சாலைக்கு மண் சுமக்கவும் போனார்கள். பெயரில் மட்டும் உப்பு நின்றது.

1930 ஏப்ரல் 6 அன்று காந்தி தண்டியில் குனிந்து எடுத்தது பளிங்கு மாதிரியான உப்பல்ல. உப்புப் படிந்த சேற்று மண். அவர் வருவதற்கு முன்பே போலீஸார் அங்கே படிந்திருந்த உப்பைச் சேற்றோடு மிதித்துக் கலந்துவிட்டிருந்தார்கள். அந்தக் கைக்குச் சேறு புதிதல்ல என்பதை நாம் சேர்த்து நினைப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் அடால்ஃப் யூஸ்ட் என்ற ஜெர்மானியரின் இயற்கை வைத்திய நூலைப் படித்த நாளிலிருந்து, ஈர மண்ணைத் துணியில் பரப்பி வயிற்றிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்வது அவர் வழக்கம். அங்கேதான் கஸ்தூரிபாயின் உடல்நலத்துக்காக உப்பை விடச் சொன்னபோது, உங்களால் முடியுமா என்று அந்த அம்மாள் கேட்க, அவர் அந்தக் கணமே உப்பை விட்டார். தான் உண்ணாமல் விட்ட பொருளுக்காகப் பிறர் சார்பில் நடந்தவர் அவர். 1942-ல் ஆகாகான் மாளிகைச் சிறையிலிருந்து ஆரோக்கியம் பற்றி எழுதத் தொடங்கிய நூலிலும் மண் வைத்தியத்துக்கு இடம் கொடுத்தார். நகரத்தில் ஏழைகளுக்காக இயற்கை வைத்தியசாலை நடத்த நினைத்து, அது ஏழைகளிடம் போய்ச் சேராது என்று உணர்ந்து, 1946-ல் உருளி காஞ்சன் என்ற கிராமத்துக்குப் போனார். போர்ட்டோரோஷின் சேற்றுக்கும் அவருடைய சேற்றுக்கும் வைத்திய ரீதியில் அதிக வித்தியாசமில்லை. வித்தியாசம், அது யாருடைய வீட்டு வாசலில் கிடைக்க வேண்டும் என்று அவர் நினைத்ததில் இருந்தது.

அதே 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு புறப்பட்டு வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார். ஏப்ரல் 30-ல் உப்பு அள்ளிக் கைதானார். அந்த நடைக்குப் பாட்டு எழுதியவர் இந்த மலையின் அடிவாரத்துக்காரரான நாமக்கல் கவிஞர். 1947-ல் உப்பு வரி போயிற்று. அகஸ்தியம்பள்ளியில் நினைவு ஸ்தூபி இருக்கிறது. அம்மா வேலைக்குப் போகும் வழி அதுதான். வருஷந்தோறும் ஏப்ரல் 30-ல் நினைவு யாத்திரைக்காரர்கள் வந்து ஆளுக்கு ஒரு பிடி உப்பு அள்ளுவார்கள். "அன்னைக்கு மட்டும் அளத்துல கை கழுவ நல்ல தண்ணி இருக்கும்" என்று அம்மா ஒருமுறை சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. நல்ல நாள் ஒன்றை ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரிதான் சொன்னாள்.

*

இதையெல்லாம் ஒரு இலக்கியப் பத்திரிகையில் எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன், இதைப் போன்ற ஒரு சிற்றிதழில், ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளைப் பற்றி 1979-ல் வந்த நாவல் அது. அவர் அங்கே போய், ஜனங்களைச் சந்தித்து, விசாரித்து எழுதியது. அதைத் தகவல் திரட்டு என்றேன். களத்துக்கு வந்து போகிற எழுத்தாளரால் அனுபவத்தின் உள்ளே நுழைய முடியாது, அனுபவம் உருவமாகத் திரளவில்லை என்றெல்லாம் எழுதினேன். நம் வட்டத்தில் அது பாராட்டப்பட்டது. அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவள் என்பதை அந்தக் குறிப்பில் நான் எழுதவில்லை. நண்பர்களிடம் சொன்னதும் இல்லை.

நாவலின் உருவம் பற்றிய என் அபிப்பிராயத்தை முழுக்க மாற்றிக்கொண்டுவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அந்த நாவலில் பேச்சு சில இடங்களில் விளக்கமாகிவிடுகிறது என்று இப்போதும் நினைக்கிறேன். மாறியிருப்பது வேறு. வந்து போகிறவர் என்று அவரைச் சொன்ன நான் எங்கே நின்று சொன்னேன்? அளத்துக்கு நான் சிறுவயதில் போனது நாலைந்து முறை இருக்கும். வரப்பைத் தாண்டிப் பாத்தியில் இறங்க அம்மா என்னை விட்டதில்லை. புஸ்தகம் பிடிக்கிற பிள்ளை, காலில் புண் வந்தால் பள்ளிக்கூடம் போக முடியாது என்பாள். வரப்பில் நின்றுகொண்டு, பாத்தியில் கொஞ்ச நேரமாவது நின்று பார்த்துவிட்டு வந்தவரை, அவர் நின்றது போதாது என்று சொல்லியிருக்கிறேன். போர்ட்டோரோஷின் கனவான் தினம் இருபது நிமிஷமாவது அந்தச் சேற்றில் கிடந்தான்.

ஸ்நான விடுதியின் பெயரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அதன் பெயர் 'லெபா வீதா'. அழகிய வீதா என்று பொருள். ஸ்லொவேனியரின் பழைய கதைப்பாடல் ஒன்றின் நாயகி அவள். 19-ஆம் நூற்றாண்டில் அவர்களின் மகாகவி ப்ரெஷெரன் அதை எடுத்துப் புதிதாகச் செய்தார். கடற்கரையில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள் வீதா. வீட்டில் நோயாளிக் குழந்தை, வயசான புருஷன். கப்பலில் வந்த ஒருவன் ஸ்பெயின் ராணியின் குழந்தைக்குப் பால் கொடுக்க அவளை ஆசை காட்டி அழைத்துப் போய்விடுகிறான். பிறகு அவள் தினமும் அரண்மனை ஜன்னலில் நின்று, விட்டுவந்த குழந்தையைப் பற்றிச் சூரியனையும் சந்திரனையும் கேட்டு அழுகிறாள். ஆரோக்கிய விடுதிக்கு இந்தப் பெயரை எந்த நினைப்பில் வைத்திருந்தாலும், பொருத்தம் எனக்குக் கலக்கமூட்டுவதாக இருக்கிறது. கரையில் தன் குழந்தை கிடக்க, வேறொரு குழந்தையின் ஆரோக்கியத்துக்காகத் தன் உடம்பைக் கொடுக்கப் போனவள் அவள். தாய்நீர் என்ற சொல் அப்போது வேறு மாதிரிக் கேட்கிறது.

*

அம்மா பதினேழு நாள் இருந்தாள். ஒத்தட மூட்டை அவிழ்க்கப்பட்டு அந்த உப்பு குழம்புக்குப் போயிற்று. வலிக்கு செம்மேட்டில் வாங்கிய தைலத்தைத் தடவிக்கொண்டாள். பாதி குறைந்தது, பாதி குறையவில்லை.

நான் கவனித்தது இன்னொன்று. காலையில் நான் எழுவதற்கு முன்பே அவள் பின்புறத்து ஓடைக்குப் போய்விடுவாள். கார்த்திகையில் அந்த நீர் ஐஸ் மாதிரி இருக்கும். வாத உடம்புக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணும் சொன்னாள், நானும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் சொருகிக்கொண்டு, கணுக்கால் மூழ்க அசையாமல் நிற்பாள். குளிப்பதில்லை, துவைப்பதில்லை. வெறுமனே நிற்பதுதான். ஒரு நாள் பக்கத்தில் போய், வலிக்கிற காலை வைத்துக்கொண்டு இதில் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டேன்.

"நல்ல தண்ணிப்பா" என்றாள். "சும்மா ஓடிக்கிட்டு இருக்கு."

மணி பார்த்தேன். எனக்கு வங்கிக்கு நேரமாகிவிட்டது. நான் கிளம்பும்போதும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.